ஏழையின் இருதயத்துக்கு நாடி பார்ப்பது யார்?

ஆலையில் வேலை செய்யும் தோழருக்கு நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது. "சோம்பேறி" என்கிறான் மேஸ்திரி. நடவு வயலில் நிற்கும் பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது. அரை நாள் கூலியை வெட்டுகிறார் நிலச் சொந்தக்காரர். இவர்களும் "பித்தம்" என்று சொல்லிக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். பல பேருக்கு இது பித்தமல்ல; இருதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்ட நோய்!

இதில் மர்மம் ஒன்றுமில்லை. இருதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் நடுங்கினால், அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அந்தக் கட்டி மூளைக்கு ஓடினால் பக்கவாதம். இந்நோய் உள்ளவருக்குப் பக்கவாத அபாயம் சுமார் 5 மடங்கு.

இது பணக்காரர் நோயாம்! பச்சைப் பொய். மேல்நாடுகளில் இது பெரும்பாலும் முதுமையில் வருகிறது. நம் நாட்டில் பலருக்கு இளவயதிலேயே வரக் காரணம் டாக்டர்கள் ருமாட்டிக் என்று சொல்லும் மூட்டுவாதக் காய்ச்சல். நெருக்கடியான குடிசையில் குழந்தைக்குத் தொண்டைப்புண் வருகிறது. வைத்தியமில்லாமல் விட்டால் சிலருக்கு அது இந்தக் காய்ச்சலாக மாறி, இருதய வால்வைக் கெடுக்கிறது. 3, 4 வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டு வந்தால் காய்ச்சல் திரும்பாமல் தடுக்கலாம். இதற்கு எல்லா நாடுகளும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2018 இல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டது. தீர்மானம் ஊசியாகிவிடுமா?

மருந்தும் புதிதல்ல. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் 1954 முதல் மனிதருக்குக் கொடுக்கப்படுகிறது. மலிவான மாத்திரை. ஆனால் அளவு மிஞ்சினால் ரத்தக் கசிவு. குறைந்தால் ரத்தக் கட்டி. ஆகவே அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும். கூலியை இழந்து, பஸ் ஏறி, ஜில்லா ஆஸ்பத்திரிக்கு ஒருவர் எத்தனை மாதம் போவார்? மாத்திரை நிற்கிறது. ஒரு நாள் கை கால் விழுந்துவிடுகிறது. குற்றவாளி யார்? நோயாளியா?

"காப்பீட்டு அட்டை இருக்கிறதே" என்பார்கள் ஆளவந்தார்கள். அட்டை ஆப்பரேஷனுக்கு உதவலாம். இழந்த கூலியைத் தருமா? 1948 இல் வந்த இ.எஸ்.ஐ. சட்டமும் ஆலை வாசலோடு நின்றது, வயலில் இறங்கவில்லை.

பணமில்லை என்பதும் சாக்குதான். 2017 இல் இருதய ஸ்டென்டுக்கு மத்திய சர்க்கார் விலை வரம்பு கட்டியது. லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கிற்று. அதுவரை அந்த வித்தியாசம் யார் பைக்குப் போயிற்று?

2021 இல் தமிழகத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து தரும் திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு வரும் அந்தக் கை ஒரு நிமிஷம் நாடியையும் பிடித்துப் பார்த்தாலென்ன?

நாம் பிச்சை கேட்கவில்லை. உரிமை கேட்கிறோம்:

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்!

ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் இருதயத் துடிப்புக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு வேண்டும்!

பேஸ்மேக்கருக்கும் விலை வரம்பு வேண்டும்!

சிகிச்சைக்குப் போகும் நாளுக்குக் கூலி வேண்டும்!

தோழர்களே! சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். படபடப்பை மறைக்காதீர்கள். நம் உழைப்பில் ஓடும் நாட்டில், நம் இருதயம் நின்றுபோக நாம் சம்மதிக்க மாட்டோம்!