களம் இளைஞருக்கு மட்டுமா?

அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு நம் சமுதாயம் ஒதுக்கி வைத்திருக்கும் இடம் எது? சாய்மனைக் கதிரை, கோயில் வீதி, மருந்துக்கடை வாசல். இம்மூன்றையும் விட்டு நான்காவதாக ஓர் இடத்தை அவர் நாடினால், "இந்த வயதில் இது என்ன கூத்து?" என்று கேட்பதற்கு அயலார் வேண்டியதில்லை, பெற்ற பிள்ளைகளே முதலிற் கேட்பார்கள். அந்த நான்காவது இடம் விளையாட்டுக் களம். அது முதியோருக்கும் உரியது என்பதும், அதன் கதவைத் திறந்துவிடும் கடமை அரசாங்கத்துக்கும் நம் கழகங்களுக்கும் உண்டு என்பதுமே எமது கருத்து.

டேக்வாண்டோவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கொரியாவில் தோன்றிய இக்கலை 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் பதக்க விளையாட்டாயிற்று. எதிரியின் தலைவரை காலை வீசி உதைக்கும் சண்டை மட்டுமே அதுவென்று பலரும் எண்ணுகின்றனர். அதற்கு மற்றொரு பகுதியும் உண்டு. அதன் பெயர் பூம்சே. அங்கே எதிரி இல்லை, அடியும் இல்லை. தடுப்பு, குத்து, உதை, திருப்பம் ஆகியவற்றை வகுத்த ஒழுங்கின்படி ஒருவர் தனித்து நின்று செய்து காட்டும் கோவை அது. நம் சிலம்பத்திற் சுவடு பழகுவதையும், மலையாளக் களரியின் மெய்ப்பயிற்சியையும் அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று.

இக்கோவைக்குப் பத்துப் புள்ளிகள். அசைவுகள் பிழையின்றி அமைந்தனவா என்பதற்கு நான்கு. வேகமும் வலுவும் லயமும் உள்ளுறுதியும் வெளிப்பட்டனவா என்பதற்கு ஆறு. சிறு பிழைக்கு 0.1, பெரும் பிழைக்கு 0.3 குறையும். ஒற்றைக் காலில் நிற்கும்போது தள்ளாடினால் நடுவரின் கண் அதனைத் தப்பவிடாது.

நாம் கவனிக்க வேண்டியது இதன் வயதுப் பிரிவுகளை. பூம்சேக்கான முதலாவது உலக சம்பியன்ஷிப் 2006ஆம் ஆண்டு சியோல் நகரில் நடைபெற்றது. இன்று அப்போட்டி முப்பது வயதோடு முடிந்துவிடுவதில்லை. 31 முதல் 40 வரை, 41 முதல் 50 வரை, 51 முதல் 60 வரை, 61 முதல் 65 வரை, அதற்கு மேற்பட்டோர் எனப் பிரிவுகள் நீளுகின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே. எழுபது வயதுக்காரர் இருபது வயதுக்காரரோடு மோதுவதில்லை. தம் வயதொத்தாரோடு நின்று தம்மைக் காட்டுகிறார். அங்கு வென்றவர் பெறுவது இரக்கப்பட்டு ஈயும் ஆறுதற் பரிசன்று, உலகப் பட்டம்!

"உடம்புக்கு நல்லதென்றால் பயிற்சி போதுமே, போட்டி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், முதியோருக்கு நாம் கொடுக்கும் மரியாதையில் ஒரு வஞ்சகம் ஒளிந்திருக்கிறது. அவர் எதைச் செய்தாலும் தலையாட்டுகிறோம். பிழையைச் சுட்டிக் காட்டுவதில்லை. இனி அவரிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று நம் மனத்துள் முடிவு கட்டிவிட்டோம். போட்டி நடுவருக்கோ அந்த முகத்தாட்சணியம் இல்லை. அவர் 0.1 புள்ளியைக் குறைக்கும்போது, "இது பிழை, அடுத்த முறை திருத்திக்கொள்" என்கிறார். திருந்தக் கூடியவரிடம் மட்டுமே இதைச் சொல்ல முடியும். ஒரு தேதி, ஓர் அளவுகோல், தாட்சணியமற்ற ஒரு தீர்ப்பு ஆகிய மூன்றும் இருந்தாற்றான் பயிற்சியும் நாள் தவறாது நடைபெறும். இன்றேல் மழை பெய்த அன்றே அது நின்றுபோகும்.

உடல்நலத்தின் வழியே பார்த்தாலும் நியாயம் இப்பக்கமே இருக்கிறது. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டுமென்றும், விழாமல் நிற்கும் சமநிலையை வளர்க்கும் பயிற்சியைக் கிழமையில் மூன்று நாளேனும் செய்ய வேண்டுமென்றும் உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. வெறும் நடை முதலாவதற்குப் போதும்; இரண்டாவதற்குப் போதாது. ஒரு காலில் நிற்பதும், உடலின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு நிதானமாக மாற்றுவதும், பார்வை சிதறாது திரும்புவதும் பூம்சேயின் உயிர்நாடி.

பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்கின்ற தமிழருக்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுமோ? யுத்த காலத்தில் வடக்கிலிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்கள் பல. பிள்ளைகளைக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டு, மாடிக் குடியிருப்புகளிலே தனித்திருக்கும் தாய் தந்தையர் பலர். ஊரிலே முற்றம் இருந்தது, கிணறு இருந்தது, தோட்டம் இருந்தது. அவை தந்த உடலுழைப்பும் இருந்தது. இங்கே மின்தூக்கி உண்டு; முற்றம் இல்லை. குளியலறையில் ஒருநாள் கால் வழுக்கினால், தூக்கிவிடக் கைகள் இல்லை. கடல் கடந்து வரும் பணம் மருத்துவச் செலவுக்கு உதவும், விழுவதைத் தடுக்குமா?

"வயலில் உழைப்பவருக்கு இது எதற்கு?" என்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள விவசாயப் பெருமக்கள் கேட்கலாம். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. நாற்று நட்டு நட்டு முதுகு குனிந்தே பழகுகிறது; மண்வெட்டி ஒரு பக்கத் தோளையே தேய்க்கிறது. உழைப்பு உடலைச் செலவழிக்கும். பயிற்சி உடலுக்கு வரவு வைக்கும். வலப்பக்கம் செய்ததை இடப்பக்கமும் செய் என்பதே பூம்சேயின் பொது விதி. 1987ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டத்தால் விவசாயிக்கும் ஓய்வூதியத் திட்டம் வந்தது. நன்று. ஆனால், ஓய்வூதியம் பெறும் உடலுக்கு யார் என்ன திட்டம் வகுத்தார்கள்?

இவையெல்லாம் மேல்நாட்டாருக்கே ஆகும் என்பார் உளர். அவர்கள் முல்லைத்தீவைப் பார்க்கட்டும். அம்மாவட்டத்தைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் 2023ஆம் ஆண்டு, தமது 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியிற் கலந்து, இரு தங்கப் பதக்கங்களும் ஒரு வெண்கலப் பதக்கமும் வென்று வந்தார். யுத்தம் சுட்டெரித்த மண்ணிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்மணி! கடலுக்கு அப்பாலும் பார்க்கலாம். கேரளத்து வடகரையில் களரி கற்பிக்கும் மீனாட்சி அம்மா, எழுபதைக் கடந்த பின்னரும் சேலையை வரிந்து கட்டி வாளும் கேடயமும் ஏந்துபவர். 2017ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. இவர்களைக் கண்டு கைதட்டிவிட்டு நம் வீட்டுத் தாயைக் கதிரையில் அமர்த்தி வைப்பது என்ன நீதி?

"அந்நியக் கலை எதற்கு, சிலம்பம் இல்லையா?" என்பது மற்றொரு ஆட்சேபம். சிலம்பமே ஆகட்டும், மனமார வரவேற்போம். கொரியரிடம் நாம் கற்க வேண்டியது உதையை மட்டுமன்று. எந்த வயதினருக்கும் கதவடைக்காத அந்த ஏற்பாட்டை. சிலம்பப் போட்டியிலும் அறுபதைக் கடந்தோர்க்கு ஒரு பிரிவு அமையுமாயின், மறைந்து வரும் சுவடுகள் பல மீண்டும் மேடையேறும். அவற்றை அறிந்தோர் முதியவர்களே அல்லவா?

இந்நாட்டில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதை எட்டியவர்கள். அதன்பின் அவ்விகிதம் ஏறியதேயன்றி இறங்கவில்லை. முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு. விளையாட்டுக்கு 1973ஆம் ஆண்டு 25ஆம் இலக்கச் சட்டம் உண்டு. இவ்விரண்டும் கைகோக்க வேண்டும் என்பதே நாம் கேட்பது. மெய்வல்லுநர் போட்டிகளில் மூத்தோர் பிரிவு இருப்பதுபோல், தற்காப்புக் கலைகளின் மாவட்ட, மாகாண, தேசியப் போட்டிகள் யாவற்றிலும் வயதுப் பிரிவுகள் வேண்டும். பாடசாலை மண்டபங்களும் கோயில் மண்டபங்களும் வெறுமையாய்க் கிடக்கும் வேளைகளில் முதியோர் பயிற்சிக்குத் திறக்கப்பட வேண்டும். பெண்களுக்குத் தனி நேரமும் வேண்டும். முதிய முழங்காலுக்கும் இதயத்துக்கும் ஏற்பக் கற்பிக்க ஆசிரியர்களைப் பழக்க வேண்டும். மருத்துவரின் அனுமதியின்றி எவரையும் களத்தில் இறக்கலாகாது.

இதற்குக் கோடிகள் வேண்டா. ஒரு கூடம், ஓர் ஆசிரியர், ஒரு வெள்ளுடை போதும். தேர்தல் நாளன்று முதியோரைக் கதிரையோடு தூக்கி வந்து வாக்களிக்க வைக்கும் நம் பிரதிநிதிகள், அவர்கள் தம் காலில் நிற்பதற்கும் வழி செய்வார்களா? செய்ய வைப்பது நம் பொறுப்பு. அதுவரை, அப்பாவோ அம்மாவோ பயிற்சிக்குப் போகிறேன் என்று புறப்பட்டால், சிரிக்காமல் வழிவிடுவோம்!