டேவுக்கு மூணு உயிர், ஃப்ளாப்பிக்கு ஒண்ணுதான்!

முதல்ல ஒரு குட்டி டெஸ்ட். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பையன். கோப்பையை எடுத்தா கதவு திறக்கும். நெருப்புல கால் வெச்சா காலி. மொத்தம் 10 லெவல். யார் அவன்?

'டேவ்'னு கத்தினவங்க எல்லாம் கொஞ்சம் வயசானவங்க, ஒத்துக்குங்க. முழுப்பேர் 'டேஞ்சரஸ் டேவ்'. பின்னாடி 'டூம்' விளையாட்டை உருவாக்கின கூட்டத்துல இருந்தாரே ஜான் ரொமேரோ, அவர் கைவண்ணம். நம்ம ஊர் ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ல சார் டீ குடிக்கப் போன கேப்புல அத்தனை மெஷின்லயும் ஓடினது இதுதான். தெரியாதவங்க உங்க சித்தப்பாகிட்ட கேட்டுப் பாருங்க, முகத்துல ஒரு பல்ப் எரியும்.

இப்ப அதே டேவ் ஃபைலை உங்க புத்தம்புது லேப்டாப்ல போட்டு டபுள் கிளிக் பண்ணுங்க. "இந்த ஆப் உங்க பிசியில ஓடாது"ன்னு விண்டோஸ் கையை விரிச்சிடும். 16 ஜிபி ராம் இருந்து என்ன பிரயோஜனம்? அன்னிக்கு 1 எம்பிகூட இல்லாத மெஷின்ல ஓடின சரக்கு அது!

விஷயம் சிம்பிள். டேவ் 16 பிட் புரோகிராம். 32 பிட் விண்டோஸ்ல பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்ட ஒரு தனி ஏற்பாடு உள்ளேயே இருந்தது. 64 பிட் விண்டோஸ்ல அதை எடுத்துட்டாங்க. 2021ல வந்த விண்டோஸ் 11ல 64 பிட் மட்டும்தான். ஆக, டேவுக்கு அங்கே குடியிருக்க வீடு இல்லை.

இங்கதான் எமுலேட்டர் வருது. கூத்துல ராஜா வேஷம் கட்டுற மாதிரி, உங்க புது மெஷின் பழைய மெஷின் வேஷம் கட்டுது. பழைய பிராசஸர் கட்டளையை ஒவ்வொண்ணா படிச்சு, அந்தக் காலத்து சிப் என்ன பண்ணியிருக்குமோ அதையே செஞ்சு காட்டும். உள்ளே இருக்கற டேவுக்கு தான் 2020களுக்கு வந்துட்டோம்னே தெரியாது.

டாஸ் விளையாட்டுகளுக்கு 'டாஸ்பாக்ஸ்' போதும். 2002ல வந்தது, இலவசம். கேம் இருக்கற ஃபோல்டரை 'மவுன்ட்' கட்டளையால சி டிரைவா மாத்திட்டு ஃபைல் பேரை அடிச்சா ஓடும். ஒரு டிப்ஸ்: சில பழைய கேம்களுக்குத் தனியா கடிகாரமே கிடையாது. பிராசஸர் வேகம்தான் கேமோட வேகம். 1981ல வந்த ஐபிஎம் பிசியோட வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதை நம்பி எழுதின கேமை வேகமான மெஷின்ல விட்டா, ஹீரோ புறப்படறதுக்குள்ள செத்துடுவான். பழைய கேபினெட்டுல 'டர்போ'ன்னு ஒரு பட்டன் இருந்ததே, அது இதுக்காகத்தான்! பேர்தான் டர்போ, அதை அணைச்சா மெஷின் மெதுவாகும். டாஸ்பாக்ஸ்ல கன்ட்ரோல் எஃப்11 அடிச்சா வேகம் குறையும், எஃப்12 அடிச்சா கூடும். மவுஸ் மாட்டிக்கிட்டா கன்ட்ரோல் எஃப்10.

ஆர்கேட் மெஷின் கேம்களுக்கு 1997லருந்து 'மேம்' இருக்கு. ஐபோன்ல ஆப்பிள் ரொம்ப நாள் முரண்டு பிடிச்சு, 2024 ஏப்ரல்லதான் எமுலேட்டர்களை உள்ளே விட்டது. எதையும் இறக்க சோம்பேறித்தனமா? இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்துல ஆயிரக்கணக்கான டாஸ் கேம்கள் பிரவுசர்லயே ஓடுது. 2023ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்தது. அங்கே வெளியான பழைய கேம்கள்ல 87 சதவீதம் இப்ப கடையில காசு கொடுத்தாலும் கிடைக்காதாம்.

சரி, கேம் போனா போகுது. வேற ஒண்ணு போனா?

2024ல தூத்துக்குடியில படிக்கற ஒரு தம்பி என்னைத் தேடி வந்தான். சொந்த ஊர் புன்னைக்காயல், தாமிரபரணி கடல்ல கலக்கற இடம். கையில ஒரு பழைய பிஸ்கட் டப்பா. திறந்தா, நாலு ஃப்ளாப்பி.

"அண்ணே, இதுல எங்க தாத்தா இருக்காரு. வெளிய எடுக்க முடியுமா?"

தாத்தா சங்குக்குளியாளி. எழுதப் படிக்கத் தெரிஞ்சவர். தனக்குத் தெரிஞ்ச கடலை எல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம்னு எந்தக் காத்து அடிச்சா தண்ணி எப்படி இருக்கும், எந்தப் பார் எங்கே இருக்கு... 'பார்'னா கடலடியில இருக்கற பாறைத்திட்டு, முத்தும் சங்கும் கிடைக்கற இடம். கரையில இருக்கற எந்தக் கோபுரமும் எந்தப் பனையும் ஒரே நேர்கோட்டுல தெரிஞ்சா அந்தப் பாருக்கு மேல நிக்கறோம்னு அர்த்தம், இப்படிப் பக்கம் பக்கமா. தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. அதைக் கண்ணால பார்த்த மனுஷன் அவர்.

அந்த நோட்டை 1996ல தம்பியோட அத்தை, அப்ப தான் வேலை பார்த்த டிடிபி சென்டர்ல உட்கார்ந்து டைப் அடிச்சிருக்காங்க. கல்யாணக் கார்டு வேலைக்கு நடுவுல, ராத்திரி மிச்சம் கிடைச்ச நேரத்துல. லேசர் பிரின்ட் எடுத்து பைண்டு பண்ணி ரெண்டு காப்பி வீட்டுல இருந்திருக்கு. தாத்தாவும் போய்ச் சேர்ந்துட்டார். 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழை ஞாபகம் இருக்கில்ல? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டித் தீர்த்ததே, அந்த வெள்ளத்துல ரெண்டு காப்பியும், கூடவே நோட்டும் கூழாப் போச்சு. பரண் மேல இருந்த பிஸ்கட் டப்பா மட்டும் தப்பிச்சது.

இப்ப புரியுதா, எமுலேட்டர் வெறும் விளையாட்டுச் சாமான்னு நினைக்கறவங்ககிட்ட நான் ஏன் சண்டைக்குப் போறேன்னு?

முதல் வேலை ஃப்ளாப்பி. தயவுசெஞ்சு எடுத்த உடனே டிரைவுக்குள்ள சொருகிடாதீங்க! கடலோர ஈரத்துல தகட்டுல பூஞ்சை பிடிச்சிருக்கும், தலைப்பகுதி உரசி கீறல் விழுந்தா கதை முடிஞ்சது. உலோக மூடியை நகர்த்தி வெளிச்சத்துல பார்த்தோம். ஒண்ணுல லேசா வெள்ளைப் படலம். அதைக் கடைசிக்கு ஒதுக்கினோம். அப்புறம் ஓரத்துல இருக்கற குட்டிப் பிளாஸ்டிக்கைத் தள்ளி ஓட்டையைத் திறந்து விடணும். அப்பதான் எந்த மெஷினாலயும் அதுல எழுத முடியாது. யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் இப்பவும் வாங்கக் கிடைக்குது.

ஃபைலை நேரா திறக்காம, முழு ஃப்ளாப்பியையும் அப்படியே ஒரு இமேஜ் ஃபைலா எடுத்தோம். லினக்ஸ்ல 'டிடிரெஸ்க்யூ'ன்னு ஒரு கருவி. நல்லா இருக்கற இடத்தை முதல்ல படிச்சு முடிச்சிட்டு, கெட்ட இடத்துக்குத் திரும்பித் திரும்பி வரும். 1.44 எம்பி ஃப்ளாப்பியில மொத்தம் 2880 செக்டார். முதல் தட்டுல 11 செக்டார் படிக்கலை. நல்லவேளை, அது எல்லாம் காலி இடம்.

உள்ளே இருந்தது பேஜ்மேக்கர் 5 ஃபைல். 1993 சரக்கு, விண்டோஸ் 3.1க்கு எழுதினது. இன்னிக்கு இருக்கற இன்டிசைன் இதைத் தொடாது. அத்தைக்கு போன் போட்டா, அந்த சென்டரை மூடினப்ப ஓனர் கொடுத்த ஒரிஜினல் டிஸ்க் எல்லாம் அவங்க வீட்டு அட்டைப்பெட்டியில பத்திரமா இருக்கு! டாஸ்பாக்ஸுக்குள்ள விண்டோஸ் 3.1, அதுக்குள்ள பேஜ்மேக்கர். வேஷத்துக்குள்ள வேஷம். ஃபைல் திறந்துச்சு.

தம்பி முகம் தொங்கிப்போச்சு. பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். தமிழே இல்லை.

பயப்படாதீங்க, அது தமிழ்தான். அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தோட சீட்டுல தமிழ் எழுத்தை உட்கார வெச்சவை. பாமினியில 'தமிழ்'னு அடிச்சா, கம்ப்யூட்டர் சேமிக்கறது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். ஃபான்ட் இருந்தா தமிழ், இல்லாட்டி உளறல். அதுவும் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி உட்கார வெச்சாங்க. 1999ல சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடத்தி டாம், டாப்னு பொது முறை கொண்டு வந்தாங்க. 2010ல தமிழக அரசு யுனிகோடுக்கு மாறிச்சு. 1996ல அத்தைக்கு இது எதுவும் கிடையாது.

ரெண்டாவது ஃப்ளாப்பியில ஃபான்ட் இல்லை. மூணாவதுல இல்லை. பூஞ்சை பிடிச்சதுன்னு ஒதுக்கினோமே நாலாவது, அதோட லேபிள்ல 'கல்யாண கார்டு'ன்னு எழுதியிருந்தது. அதுலதான் இருந்தது. டிரைவ் நாலு மணி நேரம் முனகினதுல ஃபான்ட் ஃபைல் முழுசா வந்தது. விண்டோஸ் 3.1ல அதைப் போட்டதும், தாத்தா பேரோட முதல் பக்கம் அப்படியே தமிழ்ல வந்து நின்னுச்சு. தம்பி ஒண்ணும் பேசலை. நான் டீ வாங்கற சாக்குல வெளியே போயிட்டேன்.

இங்க ஒரு சின்ன டைவர்ஷன். புன்னைக்காயலுக்கும் தமிழ் எழுத்துச் சிக்கலுக்கும் ரொம்பப் பழைய உறவு. 1554லயே போர்ச்சுகல்ல லிஸ்பன் நகரத்துல ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாச்சு, தமிழை ரோமன் எழுத்துல போட்டு. அதாவது தங்லீஷ்! தமிழ் எழுத்துலயே அச்சடிக்கணும்னு பாடுபட்டவர் புன்னைக்காயல்ல வாழ்ந்து 1600ல மறைஞ்ச அண்டிரிக் அடிகளார். அவரோட 'தம்பிரான் வணக்கம்' 1578ல கொல்லத்துல அச்சாச்சு. 1586ல வந்த 'அடியார் வரலாறு' புத்தகத்தை இராஜமாணிக்கம் அடிகளார் 1967ல மறுபடி பதிப்பிச்சார். ஏறக்குறைய 400 வருஷம் கழிச்சு ஒரு பேக்கப் ரெஸ்டோர்! காகிதத்துக்கு எமுலேட்டர் வேண்டாம். 28 வயசு ஃப்ளாப்பிக்கு எத்தனை படி ஏற வேண்டியிருக்கு பாருங்க.

திரும்பி வருவோம். பக்கங்களை அப்படியே காப்பாத்த, விண்டோஸ் 3.1ல போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டரைத் தேர்ந்தெடுத்து, பேப்பருக்குப் பதிலா ஃபைலுக்கு பிரின்ட் கொடுத்தோம். அந்த ஃபைலை 'கோஸ்ட்ஸ்கிரிப்ட்' பிடிஎஃப் ஆக்கிடும். ஆனா அதுல தேட முடியாது. 'கச்சான்'னு அடிச்சா வரணும்ல? அதுக்கு எழுத்து யுனிகோடுக்கு மாறணும். பாமினி மாதிரி பிரபலமான ஃபான்ட்டுக்கு கன்வெர்ட்டர்கள் நிறைய இருக்கு. இந்த ஃபான்ட் ஏதோ உள்ளூர்க் கம்பெனிது. எதுக்கும் மசியலை.

காப்பாத்தினது அத்தையோட விரல். 28 வருஷம் ஆச்சு, எந்தக் கீ எந்த எழுத்துன்னு கேட்டா அவங்களுக்குச் சொல்லத் தெரியலை. ஆனா கீபோர்டைக் கையில கொடுத்து "அத்தை, 'ஞாயித்துக்கிழமை' அடிங்க"ன்னா கண்ணை மூடிக்கிட்டு அடிக்கறாங்க! தம்பி பக்கத்துல உட்கார்ந்து பட்டியல் போட்டான். அதை வெச்சு பைத்தான்ல ஒரு குட்டி புரோகிராம். ஒரே ஒரு சிக்கல், கொம்பு. பழைய முறையில 'கெ' அடிக்க கொம்பு முதல்ல, 'க' அப்புறம். யுனிகோடுல 'க' முதல்ல, கொம்பு பின்னாடி. 'கொ'ன்னா கொம்பு, க, கால்னு மூணு துண்டு, அதையும் ஒண்ணாக்கணும். இந்த இடம் மாத்தற வேலையிலயே ரெண்டு ராத்திரி போச்சு.

சட்டமா? கேக்கறீங்கன்னு தெரியும். 'கம்பெனியே கைவிட்ட சாஃப்ட்வேர்தானே'ங்கற சமாதானம் நம்ம சட்டத்துல செல்லாது. எழுதினவர் ஆயுசுக்கு அப்புறமும் 60 வருஷம் காப்புரிமை உண்டு. ஆனா முறையா வாங்கின பிரதிக்கு, தொலைஞ்சுடாம இருக்க பேக்கப் எடுத்துக்க 1957 காப்புரிமைச் சட்டமே இடம் கொடுக்குது. அத்தை வீட்டு அட்டைப்பெட்டி மாதிரி உங்க ஊர்லயும் ஏதாவது பெட்டி இருக்கும், தேடுங்க. கேம் மட்டும் வேணும்னா 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' 2003லயே இலவசமாக்கினது, 'ஸ்கம்விஎம்'ல தைரியமா விளையாடலாம்.

உங்க வீட்டுலயும் ஃப்ளாப்பி, பழைய சிடி இருந்தா இந்த ஞாயித்துக்கிழமையே வெளியே எடுங்க. கல்லூரி மலர், சங்க நோட்டீஸ், அப்பாவோட கவிதை, எதுவா வேணா இருக்கலாம். ஃபைலோட ஃபான்ட்டையும் சேர்த்து காப்பி எடுங்க. அதைவிட முக்கியம், டைப் அடிச்சவங்க இருந்தா அவங்களைக் கூட உட்கார வெச்சுக்கங்க.

புன்னைக்காயல் தாத்தா நோட்டு மொத்தம் 64 பக்கம் வந்துடுச்சு. ஒரு பாரோட பேர்ல மட்டும் நடுவுல ஒரு எழுத்து கட்டமா நிக்குது. ஃபான்ட்டுலயே அந்த எழுத்து இல்லை. அத்தை அன்னிக்கு பிரின்ட்டுல பேனாவால எழுதிச் சேர்த்தாங்களாம். தம்பி இப்ப லீவுக்கு ஊருக்குப் போயிருக்கான், குளிக்கப் போறவங்ககிட்ட அந்தப் பேரைக் கேட்டுக்கிட்டு வர.