ஊரடங்கா, ஊரடக்கா?

தனித்தல் தன்வினை, தனிப்படுத்தல் பிறவினை. தானே விரும்பித் தனித்திருப்பவன் கற்பான்; எண்ணுவான்; எண்ணியதை மன்றத்தில் வந்து உரைப்பான். பிறரால் தனிப்படுத்தப்பட்டவனோ, ஏன் என்று கேட்கவும் இடமின்றிச் சுவரைப் பார்த்துக் கிடப்பான். 2020ஆம் ஆண்டு மார்ச்சு, ஏப்பிரல், மே ஆகிய திங்கள்களில் கொரோனாத் தொற்றை முன்னிட்டு நம் மக்கள் பட்ட தனிமை இவ்விரண்டனுள் எது? அதனை வெறும் மனத்தளர்ச்சி என்றும், மூச்சுப் பயிற்சியாலும் பொழுதுபோக்காலும் தீரக்கூடியது என்றும் அந்நாளில் பலர் அறிவுரை வழங்கினர். அத்தனிமையில் ஒரு பாதி நோய் தந்தது. மறு பாதி ஆட்சி தந்தது என்பதே எம் கருத்து.

ஒன்றை முதற்கண் ஒப்புக்கொள்வோம். உடல்கள் விலகியிருக்க வேண்டியிருந்தது உண்மை. அன்று நோய்க்கு உரிய மருந்தில்லை. தடுப்பூசி இந்நாட்டில் போடத் தொடங்கியதே 2021 சனவரி 16ஆம் நாள்தான். கூடினால் தொற்றும் என்று அறிந்த பின்னர்க் கூடாதிருத்தலே அறிவுடைமை. ஆயினும், உடல் விலகுவதற்கு உறவும் உரையாடலும் அறவேண்டும் என்பதில்லை. 'சமூக விலகல்' என்று அன்று எங்கும் எழுதிக் குவித்தனரே, அத்தொடரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சமூகம் என்னும் சொல்லின் பிறப்பு வழக்கை இங்குத் தொடுக்க வேண்டா. பொருளை மட்டும் நோக்குவோம். ஊர்விலக்கும் சாதிவிலக்கும் கண்ட மண்ணில், குமுகாயத்தினின்று விலகு என்பது எத்துணைக் கொடிய கட்டளை! உலக நலவாழ்வு அமைப்பே அம்மார்ச்சுத் திங்களில் அத்தொடரைத் தவிர்த்து, 'உடலளவில் இடைவெளி' என்னும் பொருள்படப் பேசத் தொடங்கியது. மக்கள் தம்முள் தொடர்பு அறாதிருக்க வேண்டும் என்பதே அதற்கு அது காட்டிய காரணம்.

'ஊரடங்கு' என்பதும் அத்தகையதே. விளக்கவிந்து, கதவடைத்து, ஊர் தானே அடங்கும் இரவுப் பொழுதையே ஊரடங்கும் வேளை என்பர் நம் சிற்றூர் மக்கள். 2020 மார்ச்சு 24ஆம் நாள் நடந்ததென்ன? தமிழ்நாட்டில் அன்று மாலை 6 மணிக்கே தடையாணை நடப்புக்கு வந்துவிட்டது. இரவு 8 மணிக்குத் தலைமையமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி இந்தியில் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள்களுக்கு நாடு முழுதும் அடைக்கப்பட்டது. இடையில் இருந்த பொழுது 4 மணி நேரம். இஃது ஊரடங்கன்று, ஊரடக்கு.

அதற்கு முன்னாளே நாடாளுமன்றம் நாள் குறியாது ஒத்திவைக்கப்பட்டது. மீண்டும் அது கூடியது செப்டம்பர் 14இல். அப்போதும் வினா நேரம் நீக்கப்பட்டிருந்தது. பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட பங்குதான் யாது? மார்ச்சு 22 மாலை 5 மணிக்குக் கைதட்ட வேண்டும். ஏப்பிரல் 5 இரவு 9 மணிக்கு 9 மணித்துளி விளக்கணைத்து அகல் ஏற்ற வேண்டும். கைக்கு வேலை கிடைத்தது. கண்ணுக்கு ஒளி கிடைத்தது. வாய்க்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆசிரியப் பணியில் யாம் கண்டது ஒன்றுண்டு. விடை தெரியாத மாணவன் ஒடுங்குவதில்லை. வினவ இடம் பெறாத மாணவனே ஒடுங்குகிறான். அவ்வாறே, வீட்டில் பத்துப் பேர் சூழ இருந்தும் மக்கள் தனியராயினர். அரசியலில் பற்றிழந்தோர் பலர் அந்நாள்களிலேதான் அதனை இழந்தனர்.

வீடே இல்லாதார் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. தொழில் தேடிச் சென்ற மாநிலங்களினின்று ஒரு கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர் ஊர் திரும்பினர் என்று நடுவணரசே பின்னர்க் கூறியது. நடந்தே சென்றார் பலர். மே 8ஆம் நாள் மராட்டிய மாநிலம் அவுரங்காபாத் அருகே, களைத்துத் தண்டவாளத்தில் கண்ணயர்ந்த 16 பேர் மீது சரக்குத் தொடர்வண்டி ஏறியது. ஊர் திரும்பும் வழியில் மாண்டோர் எத்துணையர் என்று நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டபோது, அக்கணக்கு இல்லை என்பதே விடையாயிற்று.

வடபுலத் தொழிலாளரின் மிகைவரவு பற்றி நம்மவர்க்குத் தனிக்கருத்து உண்டு. அதனைக் காட்டி இச்சாவுகளுக்கு இரங்காதிருத்தல் தமிழ்நெறி ஆகாது. அதே நாள்களில் குமரி முதலிய கடலோர மாவட்டங்களைச் சேர்ந்த நம் மீனவரும் ஈரான் கரையில் திரும்ப வழியின்றி அடைபட்டுக் கிடந்தனர். கடற்படைக் கப்பல் அறுநூற்றுக்கு மேற்பட்டோரைத் தூத்துக்குடிக்குக் கொணர்ந்தது சூலை 1ஆம் நாள்தான். அயலிடத்தே கைவிடப்பட்டவன் துயரம் எம்மொழியில் அழுதாலும் ஒன்றே.

மாநில ஆட்சியும் இவ்வகையில் பின்தங்கவில்லை. மே 1ஆம் நாள் நடக்கவேண்டிய ஊரவைக் கூட்டங்கள் நடைபெறவில்லை. மே 7ஆம் நாளோ, சென்னை நீங்கலாகப் பிற இடங்களில் மதுக்கடைகள் திறக்கப்பட்டன! உயர்நீதிமன்றம் மறுநாளே மூடச் சொன்னது. உச்சநீதிமன்றத்தில் தடை பெற்று மே 16இல் மீண்டும் திறந்தனர். கூடிப் பேசினால் தொற்றும் நோய், கூடி நின்று மது வாங்கினால் தொற்றாது போலும்!

பழியெல்லாம் ஆள்வோர்க்கே உரியதென்று நாம் தப்பிக்கொள்ளவும் இயலாது. ஏப்பிரல் 19ஆம் நாள் இரவு, சென்னையில் இந்நோயால் இறந்த மருத்துவர் ஒருவரைப் புதைக்கவிடாது ஒரு கூட்டம் கல்லெறிந்தது. உடன்பணியாற்றிய மருத்துவரே மண்ணள்ளிப் போட்டு அடக்கம் செய்ய நேர்ந்தது. விலகு, விலகு என்று நாடோறும் கேட்ட செவி, இறுதியில் மாந்தத்தன்மையினின்றும் விலகிற்று.

தமிழன்பர்களே! கொள்ளைநோய்கள் இனியும் வரும். அன்று விலகியிருக்க வேண்டுமாயின் விலகியிருப்போம். ஆனால், அடைப்பதற்கு முன் மக்களுக்குப் போதிய காலம் தருக என்றும், அறிவிப்பதை எம்மொழியில் அறிவிக்க என்றும், சட்டமன்றத்தையும் ஊரவையையும் மூடாது நடத்துக என்றும், மாண்டோரை எண்ணிச் சொல்க என்றும் இன்றே கேட்போம். தெருவிலும் திண்ணையிலும் கூடிப் பேசும் உரிமை இன்று நம் கையில் இருக்கிறது. அக்கொடிய திங்கள்களில் கேட்க முடியாது போன வினாக்களை அங்கிருந்தே கேட்கத் தொடங்குவோம்.