வாசல்ல கோபுரம், ஏறுற இடத்துல குழி

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் ரயில்வேக்கு எதிரி இல்லை. மாடம்பாக்கத்துலேர்ந்து ஷேர் ஆட்டோவுல மடங்கி உட்கார்ந்து, ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் எல்லாம் தாண்டி தாம்பரம் கிழக்குல இறங்கி, மேம்பாலம் ஏறி, எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிக்கிற லட்சக்கணக்கான சீசன் டிக்கெட் ஜீவன்கள்ல நானும் ஒண்ணு. என் வாழ்க்கையில கணிசமான பகுதி இந்த லைன்லதான் கழிஞ்சிருக்கு. அந்த உரிமையிலதான் திட்டறேன்.

மேட்டர் என்னன்னா, கொஞ்ச நாளா நண்பர்கள் எல்லாரும் ஸ்டேஷன் படமா அனுப்பிட்டு இருக்காங்க. புது வளைவு, புது பெயிண்ட், ராத்திரியில கலர் விளக்கு. கூடவே "பார்த்தீங்களா, ஃபாரின் மாதிரி இருக்கு" என்று ஒரு வரி. நம்ம பதிவுலக மக்களும் இதுல சளைக்கலை. படத்தைப் போட்டு "சபாஷ்" என்று எழுதியாச்சு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். இதுல ஒருத்தராவது ரயில் வந்து நிக்கிற இடத்தைப் படம் எடுத்தீங்களா?

எங்க பெரியம்மாவுக்கு எழுபத்தொண்ணு வயசு. ரெண்டு முட்டியும் அவ்வளவு சொகம் இல்லை. போன மழைக்காலத்துல இதே லைன்ல ஒரு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். (ஸ்டேஷன் பெயர் வேண்டாம். சொன்னா அங்க இருக்கிற ஸ்டேஷன் மாஸ்டரைத்தான் திட்டுவீங்க. அந்த ஆள் பாவம்.) வாசல் பளபளன்னு இருந்தது. உள்ளே பிளாட்பாரத்துல பாதிக்கு மேல கூரை இல்லை. நல்ல தூறல். கூரைக்கு அடியில இருந்த கூட்டத்துல இடம் இல்லாம நாங்க வெட்டவெளியில குடையோட நின்னோம். வண்டி வந்தது. கம்பியைப் பிடிச்சு ஒரு காலைத் தூக்கி வைக்கிறப்ப, கீழ இருந்த கால் ஈரத்துல வழுக்கி, வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல இறங்கிடுச்சு. உள்ளேயிருந்து ரெண்டு காலேஜ் பசங்க கையைப் பிடிச்சு இழுக்கலைன்னா இந்தப் பதிவை நான் வேற மாதிரி எழுதியிருப்பேன். முழங்காலுக்குக் கீழ தோல் உரிஞ்சதோட போச்சு. சீட்ல உட்கார்ந்து, முந்தானையால ரத்தத்தை ஒத்திக்கிட்டே பெரியம்மா சொன்னாங்க: "ஏண்டா, வாசல்ல கோபுரம் வச்சிருக்கான், ஏறுற இடத்துல குழி வச்சிருக்கானே?"

அதுக்கு மேல நான் என்ன எழுதறது. ஆனாலும் எழுதறேன். கணக்கோட எழுதினாத்தான் நீங்க நம்புவீங்க.

அம்ரித் பாரத் ஸ்டேஷன் திட்டம். நாடு பூரா 1,300க்கும் மேல ஸ்டேஷன். 2023 ஆகஸ்ட் 6ந் தேதி 508 ஸ்டேஷனுக்கு ஒரே நாள்ல அடிக்கல். 2024 பிப்ரவரி 26ந் தேதி இன்னொரு 553. 2025 மே 22ந் தேதி ராஜஸ்தான் பிகானேர்லேர்ந்து பிரதமர் 103 ஸ்டேஷனை ஒரே மூச்சுல திறந்து வச்சார். அதுல தமிழ்நாட்டுக்கு ஒன்பது. ஸ்ரீரங்கம், சிதம்பரம், மன்னார்குடி, திருவண்ணாமலை, விருத்தாசலம், போளூர், சாமல்பட்டி, குழித்துறை, அப்புறம் நம்ம லைன்ல பரங்கிமலை. அந்த 103க்கும் சேர்த்து 1,100 கோடி என்று சொன்னாங்க. வகுத்துப் பாருங்க, ஒரு ஸ்டேஷனுக்குச் சராசரியா பத்தேமுக்கால் கோடிக்குக் கிட்ட வருது.

பெரிய தொகை மாதிரி தெரியுதா? மாம்பலம் ஸ்டேஷன்லேர்ந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் 2023 மே மாசம் திறந்தாங்களே ஒரு ஆகாய நடைபாதை, அதுக்கு மட்டும் செலவு 28.45 கோடி. 570 மீட்டர் நீளம். கட்டினது ரயில்வே இல்லை, மாநகராட்சி. ரங்கநாதன் தெருவுல தீபாவளி சமயத்துல மூச்சு முட்டி நடந்தவங்களுக்குத் தெரியும் அந்தப் பாலத்தோட அருமை. அதுல கோபுரம் இல்லை, தூண்ல சிற்பம் இல்லை. ஆனா ஸ்டேஷன்ல இறங்கினவன் பஸ் ஸ்டாண்டுக்குப் போக முடியுது. ஒரு உருப்படியான வேலைக்கு 28 கோடி ஆகும்போது, பத்தேமுக்கால் கோடியில எது முதல்ல, எது அப்புறம்னு யோசிச்சுச் செய்யணுமா வேண்டாமா? காசு கம்மியா இருக்கிற வீட்டுல ஒழுகற ஓட்டை முதல்ல மாத்துவாங்களா, இல்லை வாசல் கதவுக்கு பாலிஷ் போடுவாங்களா? (எழும்பூருக்கு மட்டும் 734.91 கோடி. நம்ம கணக்குப்படி அறுபத்தெட்டு ஸ்டேஷனோட பங்கு. எழும்பூர் பெரிய ஸ்டேஷன், அதுக்குத் தேவை உண்டு, அதை நான் மறுக்கலை.)

திட்டத்தோட அறிவிப்பைப் படிச்சுப் பார்த்தா குறை சொல்லவே முடியாது. லிஃப்ட், எஸ்கலேட்டர், கழிப்பறை, காத்திருக்கிற இடம், மாற்றுத்திறனாளி வசதி எல்லாம் பட்டியல்ல இருக்கு. கூடவே இலவச வைஃபை இருக்கு, எக்ஸிக்யூட்டிவ் லவுஞ்ச் இருக்கு, வியாபாரக் கூட்டம் நடத்த இடம்கூட இருக்கு. நிஜமாத்தான் சொல்றேன். காலை எட்டரை மணிக்குக் கூடுவாஞ்சேரியில ஃபுட்போர்டுல ஒத்தைக் கால் வைக்க இடம் தேடறவனுக்கு வியாபாரக் கூட்டம்! :-)

இதுவும் முதல் தடவை இல்லை மக்களே. 1999ல மாடல் ஸ்டேஷன்னாங்க. அப்புறம் மாடர்ன் ஸ்டேஷன். 2009ல ஆதர்ஷ் ஸ்டேஷன். 2012ல ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கறதுக்குன்னே தனியா ஒரு கார்ப்பரேஷன் ஆரம்பிச்சு, 2021ல அதை மூடியும் விட்டாங்க. இப்ப அம்ரித். பேரு மட்டும் ஒவ்வொரு தடவையும் சூப்பர்.

சரி, பிளாட்பாரத்துக்கு வருவோம். நம்ம நாட்டுல உயரமான பிளாட்பாரம்னா தண்டவாளத்துலேர்ந்து 760 முதல் 840 மில்லிமீட்டர். நம்ம எலெக்ட்ரிக் ட்ரெயினோட தரை கிட்டத்தட்ட 1,200 மில்லிமீட்டர் உயரம். வித்தியாசம் ஒரு அடிக்கு மேல. வீட்டு மாடிப்படி ஒண்ணு ஏழு அங்குலம்தான். அதாவது ஒவ்வொரு தடவையும் ரெண்டு படியை ஒரே எட்டுல ஏறறோம், அதுவும் பின்னாடியிருந்து நாப்பது பேர் தள்ளும்போது. 2014 ஜனவரியில மும்பை காட்கோபர்ல ஒரு பதினாறு வயசுப் பொண்ணு இப்படித்தான் இடைவெளியில விழுந்து ரெண்டு கையையும் இழந்தது. உயர் நீதிமன்றம் குடைஞ்ச குடைச்சல்ல அங்க பிளாட்பாரங்களை 900 மில்லிமீட்டருக்கும் மேல உயர்த்தினாங்க.

"அதெல்லாம் டெக்னிக்கலா முடியாது சார், சரக்கு வண்டி உரசும்" என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயமான பேச்சு. தாம்பரத்துக்குத் தெற்கே, எல்லா வண்டியும் கலந்து ஓடுற லைன்ல அது கஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா பீச்சுலேர்ந்து தாம்பரம் வரைக்கும் சபர்பன் வண்டிக்குன்னே தனி லைன் இருக்கே? அந்த லைனுக்குப் பக்கத்துல இருக்கிற பிளாட்பாரத்தை உயர்த்தறதுல என்ன தெய்வக் குத்தம்? மும்பைக்காரன் கால் மட்டும் என்ன ஒசத்தி?

பரங்கிமலைன்னு சொன்னேன் இல்லையா. அந்த ஸ்டேஷனை என்னால சும்மா கடந்து போக முடியாது. 2018 ஜூலை 24. மின்கம்பி அறுந்து ஸ்லோ லைன் அடைபட்டதால, திருமால்பூர் போற வண்டியை எக்ஸ்பிரஸ் லைன்ல திருப்பி விட்டாங்க. வண்டியில நிக்க இடமில்லாம ஃபுட்போர்டுல தொங்கினவங்க பரங்கிமலையில தண்டவாளத்தை ஒட்டி இருந்த கான்கிரீட் சுவர்ல மோதினாங்க. அஞ்சு பேர் செத்துப் போனாங்க. எல்லாம் வேலைக்கும் படிப்புக்கும் போன சின்ன வயசுப் பசங்க. ஒரு சுவருக்கும் ஒரு வண்டிக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கணும்கிறது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. அந்த ஸ்டேஷன் 2025ல திறப்பு விழா கண்டப்ப எல்லாரும் முகப்பைப் பத்திப் பேசினாங்க. அந்த அஞ்சு பேரைப் பத்தி நான் படிச்ச எந்தச் செய்தியிலும் ஒரு வரி இல்லை. நம்ம பதிவுகள்லயும் இல்லை. நானும் அன்னிக்கு எழுதலை, அதையும் சொல்லிடறேன்.

மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு ஞாபகம் இருக்கா? 2017 செப்டம்பர் 29. மழைக்கு ஒதுங்கின கூட்டமும் இறங்கின கூட்டமும் ஒரு குறுகலான நடைமேம்பாலத்துல சிக்கி 23 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் நடைமேம்பாலம்கிறது "பயணிகள் வசதி" இல்லை, பாதுகாப்புக்கு அவசியம்னு ரயில்வேக்கு உறைச்சது. இவ்வளவு நாளா அது வசதிக் கணக்குல இருந்திருக்கு, பாருங்க! ஃபேன் மாதிரி, தண்ணிக் குழாய் மாதிரி. அடுத்த வருஷம் அந்த ஸ்டேஷனுக்குப் பிரபாதேவின்னு புதுப் பெயரும் வந்தது.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற இடம் தாம்பரம் சானடோரியம். அந்த ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? 1928ல டாக்டர் சௌரி முத்து அங்க காசநோய் ஆஸ்பத்திரி ஆரம்பிச்சார். 1937ல அரசாங்கம் எடுத்து நடத்த ஆரம்பிச்சது. இன்னிக்கும் நெஞ்சக நோய்க்குன்னு பல மாவட்டத்துலேர்ந்து அங்க வர்றாங்க. 2005லேர்ந்து பக்கத்துலயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அங்க மூட்டு வலிக்காரங்க கூட்டம். அதாவது, மூச்சு வாங்குறவங்களும் முட்டி மடங்காதவங்களும் இறங்கறதுக்குன்னே பெயர் வச்ச ஸ்டேஷன். இந்தத் தேசத்துல எந்த ஸ்டேஷனுக்காவது முதல் லிஃப்ட், முதல் சாய்தளம், முதல் உயரமான பிளாட்பாரம்னு வரிசை போட்டா, அதுல முதல்ல நிக்க வேண்டியது இதுதானே? அப்படி ஒரு வரிசை போடற புத்தியே யாருக்கும் இல்லை. இந்த லைன்ல கிளாம்பாக்கத்தை விட்டுட்டா 28 ஸ்டேஷன். கிண்டி, மாம்பலம், பரங்கிமலை, கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டுன்னு சிலது அம்ரித் பட்டியல்ல இருக்கு. பழவந்தாங்கல்ல இறங்கறவன் மனுஷன் இல்லையா?

ஜப்பான்ல 2000ம் வருஷம் ஒரு சட்டம் போட்டாங்க. ஒரு நாளைக்கு 5,000 பேருக்கு மேல வந்து போற ஸ்டேஷன்ல படி ஏறாம பிளாட்பாரத்துக்குப் போக வழி இருக்கணும், அதுக்கு இலக்கு வருஷம் இதுன்னு. அவ்வளவுதான் அளவுகோல், ஆள் கணக்கு. நம்ம ஊர்லயும் 2016ல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அஞ்சு வருஷத்துல எல்லாப் பொதுக் கட்டடமும் எல்லாரும் புழங்கற மாதிரி மாறணும்னு அதுல இருக்கு. விதிகள் 2017ல வந்தது, கெடு 2022ல முடிஞ்சது. 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், வெறும் பரிந்துரையா எழுதி வச்சிருக்கிற விதி செல்லாது, கட்டாயத் தரம்னு எழுதுங்கன்னு சொல்லிடுச்சு. கோர்ட்டு சொல்லியாச்சு, பெரியம்மா கால் மட்டும் இன்னும் குழியில.

கிளாம்பாக்கத்தை ஏன் விட்டேன்னா, அது தனிக் கூத்து. 2023 டிசம்பர் 30ந் தேதி பிரம்மாண்டமா பஸ் நிலையத்தைத் திறந்தாங்க, கண்ணெதிர்ல தண்டவாளம் போகுது, வண்டி நிக்க ஸ்டேஷன் இல்லை! ஸ்டேஷனுக்கு அடிக்கல்லே அடுத்த வருஷம்தான். இது ரயில்வே தப்பு மட்டும் இல்லை, மாநில அரசும் சேர்ந்து பண்ணினது. கட்சிக்காரங்க ரெண்டு பக்கமும் சண்டைக்கு வரலாம், வாசல் திறந்திருக்கு.

"ஏதோ பண்றாங்களே, அதையும் குத்தம் சொல்லணுமா?" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். 2024 ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட்லயும் தாம்பரம் யார்டை மாத்தி அமைச்சாங்களே, நாள் கணக்குல வண்டி ரத்து, ஜி.எஸ்.டி. ரோடு பூரா நாம பஸ்ல தொங்கினோம். நான் ஒரு வார்த்தை திட்டி எழுதலை. ஏன்னா அது தண்டவாள வேலை, வண்டி ஒழுங்கா ஓடறதுக்கான வேலை. கஷ்டப்பட்டாலும் புரிஞ்சுது. அந்த மாதிரி வேலைக்கு ரிப்பன் வெட்டற விழா கிடையாது, படம் எடுத்தா ஜல்லியும் கம்பியும்தான் தெரியும். பிளாட்பாரத்தை அறுபது மில்லிமீட்டர் உயர்த்தினதை எந்தத் தலைவர் பிகானேர்ல நின்னு திறந்து வைப்பார்? திறந்து வைக்க முடியாத வேலை எதுவும் நடக்காது, இதுதான் இன்னிய நிலவரம். அதுக்கு நம்ம படமும் சபாஷும் எண்ணெய் ஊத்துது.

அதனால நம்ம ஆளுங்ககிட்ட ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை ஸ்டேஷன் படம் போடும்போது வளைவை விடுங்க. வண்டி நின்ன உடனே, கதவுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை ஒரு படம் எடுங்க. கூரை எங்க முடியுதோ அங்க ஒண்ணு. கழிப்பறைக் கதவுல பூட்டு தொங்குதான்னு ஒண்ணு. ஸ்டேஷன் பெயரைப் போட்டு, தேதியைப் போட்டு பதிவுல ஏத்துங்க. பீச்சுலேர்ந்து சைதாப்பேட்டை வரைக்கும் யாராவது எடுத்துக்கோங்க. கிண்டியிலேர்ந்து தாம்பரம் நான் பார்த்துக்கறேன். பெருங்களத்தூருக்குத் தெற்கே இருக்கிறவங்க கை தூக்குங்க.

பெரியம்மா இப்பல்லாம் ட்ரெயின்ல வர மாட்டேங்கிறாங்க. பஸ்தான். மாடம்பாக்கத்துலேர்ந்து வெளியே போகணும்னாலே ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பிடறாங்க.

டிஸ்கி: கூடுவாஞ்சேரி பக்கத்துல இன்னொரு மாடம்பாக்கம் இருக்கு. நான் சொல்றது தேனுபுரீஸ்வரர் கோயில், ஏரி எல்லாம் இருக்கிற தாம்பரம் கிழக்கு மாடம்பாக்கம். போன தடவை ஒரு நண்பர் என்னைப் பார்க்கறேன்னு கூடுவாஞ்சேரியில இறங்கி ஆட்டோக்காரர்கிட்ட முந்நூறு ரூபா கொடுத்துட்டு, அங்கேருந்து போன் பண்ணினார்.