பேப் ரூத், வில்லி மேஸ், ஓட்டானி... பேஸ்பாலின் நம்பர் 1 யார்? - பட்டியலைக் கலைத்துப்போட்ட ஒரு பெயர்!

1932 ஜூலையில், நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் இன்றும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர், ஆஸ்திரேலிய வீரர்களோடு வட அமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் வந்திருந்த 23 வயது டான் பிராட்மேன். இன்னொருவர், 37 வயது பேப் ரூத். கிரிக்கெட்டுக்கு பிராட்மேன் எப்படியோ, பேஸ்பாலுக்கு ரூத் அப்படி.

பிராட்மேன் பெயரை எடுத்தாலே நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று தெரியும். ''சராசரி 99.94. இதுக்கு மேல என்ன பேச்சு?'' என்பார் தாத்தா. ''அவர் எத்தனை நாட்டோட ஆடினார்? சச்சின் மாதிரி உலகம் முழுக்க ஆடினாரா?'' என்பார் அப்பா. பையன் கோலியைக் கொண்டுவருவான். சாப்பாடு ஆறிப்போகும், முடிவு மட்டும் வராது.

அமெரிக்க வீடுகளில் இதே சண்டை பேஸ்பாலை வைத்து நூறு வருடங்களாக நடக்கிறது. ஆனால், 2024 மே மாத இறுதியில் அங்கே ஒரு விஷயம் நடந்தது. இறந்து 77 வருடங்கள் ஆன ஒருவர், அதிகாரபூர்வ சாதனைப் பட்டியலில் திடீரென முதலிடத்துக்கு வந்தார். பெயர், ஜோஷ் கிப்சன். யாங்கீஸ், ரெட் சாக்ஸ் போன்ற பெரிய அணிகள் எதற்காகவும் அவர் ஒருநாள்கூட ஆடியதில்லை. ஆட விட்டதில்லை என்பதுதான் சரி.

கதைக்குள் போவதற்கு முன் கொஞ்சம் கணக்கு. பேஸ்பாலில் பந்து வீசுபவர் பிட்சர், அடிப்பவர் பேட்டர். பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினால் ஹோம்ரன். கிட்டத்தட்ட நம்ம ஊர் சிக்ஸர். பேட்டிங் சராசரி மட்டும் கிரிக்கெட் மாதிரி கிடையாது. பத்து முறை மட்டையோடு நின்று மூன்று முறை ஒழுங்காக அடித்தாலே நல்ல பேட்டர். அதை .300 என்று எழுதுவார்கள். பத்தில் ஏழு முறை தோற்பவரைக் கொண்டாடும் விளையாட்டு இது!

இப்போது ரூத். அவர் முதலில் பாஸ்டன் ரெட் சாக்ஸின் பிட்சர். சாதாரண பிட்சர் அல்ல, மொத்தம் 94 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தவர். அவரை யாங்கீஸுக்கு விற்றுவிட்ட செய்தி 1920 ஜனவரியில் வெளியானது. விலை 1 லட்சம் டாலர். அந்த ஆண்டு ரூத் அடித்த ஹோம்ரன்கள் 54. அமெரிக்கன் லீகில் இருந்த மற்ற ஏழு அணிகளில் எந்த அணியுமே, எல்லா வீரர்களும் சேர்ந்தும்கூட அந்த ஆண்டு 54 அடிக்கவில்லை. ஓர் அணியைவிட ஒரு மனிதர் பெரியவராக இருந்த ஆண்டு அது. ஓய்வு பெறும்போது 714 ஹோம்ரன்கள், சராசரி .342.

'அப்புறம் என்ன, ரூத்தான் நம்பர் 1' என்று முடித்துவிடலாமே? அவர் காலத்து ஆட்களே அப்படி முடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1936-ல் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதல்முறையாக வாக்கெடுப்பு நடந்தது. 226 பேர் வாக்களித்தார்கள். 222 வாக்குகளோடு முதலில் வந்தவர் டை காப். ரூத்துக்குக் கிடைத்தது 215. காப் ஹோம்ரன் மன்னர் இல்லை. ஓடி ஓடி, இடம் பார்த்துத் தட்டி, .367 சராசரி வைத்திருந்தவர். அன்றைய ரசனைக்கு அதுதான் உண்மையான பேஸ்பால். டி20 பார்க்கும் பேரனிடம் டெஸ்ட் மேட்ச் பற்றிப் பேசும் தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டமும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1920-க்கு முன்பு அழுக்கேறி, நைந்துபோன ஒரே பந்தை ஆட்டம் முழுக்கப் பயன்படுத்துவார்கள். அந்த ஆண்டு ரே சாப்மன் என்ற வீரர் பந்து தலையில் பட்டு இறந்துபோனார். அதன்பிறகு அடிக்கடி புதுப் பந்து மாற்றும் வழக்கம் வந்தது, எச்சில் தடவி வீசுவதற்கு அதற்கு முன்பே அந்த ஆண்டில் தடை வந்திருந்தது. 1968-ல் நிலைமை தலைகீழ். பிட்சர்களை யாராலும் அடிக்கவே முடியவில்லை. மறுஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சமாளிக்கப் புள்ளிவிவரக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு வீரரை வேறு காலத்து வீரரோடு ஒப்பிடாமல், அவர் காலத்துச் சராசரி வீரரோடு ஒப்பிடுவது. சராசரி ஆள் 100 என்றால், ரூத்தின் பேட்டிங் 206. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தச் 'சராசரி ஆள்' யார் என்று கேட்டால்தான் சிக்கல். ரூத் காலத்து மேஜர் லீகில் கறுப்பின வீரர்கள் ஒருவர்கூடக் கிடையாது. எழுதி வைத்த சட்டம் இல்லை, அணி முதலாளிகளுக்குள் ஓர் எழுதாத ஒப்பந்தம். நல்ல ஆட்டக்காரர்களில் ஒரு கூட்டத்தையே வெளியே நிறுத்திவிட்டுப் போட்ட சராசரி அது.

ரூத் 54 அடித்த அதே 1920-ல்தான், கன்சாஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டர் என்பவர் முன்னின்று கறுப்பினத்தவருக்கான தனி லீகைத் தொடங்கினார். அதுவும் பின்னர் வந்த மற்ற லீகுகளும் சேர்ந்து 'நீக்ரோ லீக்ஸ்' என்று அழைக்கப்பட்டன. வெள்ளையர் அணிகள் வெளியூர் போகும் நாள்களில் அவர்களுடைய மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடுவார்கள். பஸ்ஸிலேயே ஊர் ஊராகப் பயணம். பல ஊர்களில் ஹோட்டல் அறை கிடையாது, உட்கார்ந்து சாப்பிட இடமும் கிடையாது. வருமானத்துக்காக லீக் ஆட்டங்களுக்கு நடுவே ஊருக்கு ஊர் காட்சி ஆட்டங்கள்.

அங்கே ஆடியவர்தான் ஜோஷ் கிப்சன். பேட்டருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சர். முழங்கால் தேயும் வேலை. அதையும் செய்துகொண்டு அடித்து நொறுக்கினார். 'கறுப்பு பேப் ரூத்' என்று அவரை அழைத்தார்கள். அந்த லீகைப் பார்த்தவர்களில் சிலர் ரூத்தை 'வெள்ளை ஜோஷ் கிப்சன்' என்றார்கள்.

1947 ஜனவரி 20 அன்று கிப்சன் இறந்தார். வயது 35. அதிலிருந்து சரியாக 85-வது நாள், ஏப்ரல் 15 அன்று, ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி மேஜர் லீகின் நிறத்தடையை உடைத்தார்.

ராபின்சனுக்குப் பிறகும் கதவு முழுதாகத் திறந்துவிடவில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி ஒரு கறுப்பின வீரரைச் சேர்த்துக்கொள்ள 1959 ஆனது. எல்லா அணிகளிலும் அதுதான் கடைசி. அந்த அணியின் மாபெரும் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸ். 1941-ல் .406 அடித்தவர். அதன்பிறகு ஒரு முழு சீசனில் .400-ஐ மேஜர் லீக் அணிகளில் யாரும் தொட்டதில்லை. 1966-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது, தன் பெருமை பேச வேண்டிய மேடையில் அவர் சாச்சல் பெய்ஜ், ஜோஷ் கிப்சன் பெயர்களைச் சொன்னார். வாய்ப்பே தரப்படாத அவர்களும் ஒருநாள் இங்கே இடம்பெற வேண்டும் என்றார். எதிரே இருந்த பெரியவர்களுக்கு அது இனித்திருக்காது. 1971-ல் பெய்ஜும், 1972-ல் கிப்சனும் உள்ளே வந்தார்கள்.

ஆனால் எண்கள்? அதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினத்தவரின் வார இதழ்களில் வந்த பழைய ஸ்கோர்களை ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் தேடித் தேடித் தொகுத்தார்கள். 2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீகுகளுக்கும் மேஜர் லீக் அந்தஸ்து கொடுக்கப்பட்டது. 2024-ல் எண்களும் சேர்ந்தன. கிப்சனின் சராசரி .372. காப் கீழே இறங்கினார். அடியின் வலுவைச் சொல்லும் ஸ்லக்கிங் கணக்கில் .718 எடுத்து, ரூத்தின் .690-ஐயும் கிப்சன் தாண்டினார்.

உடனே எதிர்ப்பு வந்தது. 'காப் ஆடியது 3,000 ஆட்டங்களுக்கு மேல். கிப்சனுக்குப் பதிவானது சுமார் 600. இது என்ன ஒப்பீடு?' கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. குறைந்த ஆட்டங்களில் சராசரி எகிறுவது சுலபம். கிப்சனின் ஹால் ஆஃப் ஃபேம் பலகையில் கிட்டத்தட்ட 800 ஹோம்ரன்கள் என்று இருக்கிறது, அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ந்தது 174 மட்டுமே. காட்சி ஆட்டங்களை எண்ண மாட்டார்கள். ஆனால், கொரோனா காலத்தில் 2020 சீசனை வெறும் 60 ஆட்டங்களோடு முடித்தார்களே, அந்த எண்களை யாரும் தள்ளிவைக்கவில்லையே? மேலும், 3,000 ஆட்டங்கள் ஆடவிடாமல் தடுத்துவிட்டு, 'நீ 3,000 ஆடவில்லையே' என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

அதற்காக கிப்சன்தான் நம்பர் 1 என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அவர் ரூத்தின் பிட்சர்களைச் சந்திக்கவில்லை, ரூத் அவருடைய பிட்சர்களோடு பதிவான ஆட்டம் ஆடவில்லை. இரண்டு பேரும் பாதி உலகத்தோடு ஆடியவர்கள். ஒருவருக்கு அது வசதி, இன்னொருவருக்கு அது தண்டனை. அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லோரோடும் ஆடி ஜெயித்தவர் யார் என்று தேடினால், வில்லி மேஸ் வருகிறார். 1948-ல் பள்ளியில் படித்துக்கொண்டே பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் என்ற நீக்ரோ லீக் அணிக்கு ஆடினார். 1951-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ். ராணுவ சேவைக்காகக் கிட்டத்தட்ட இரண்டு சீசன்களை இழந்தும் 660 ஹோம்ரன்கள். சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருது 1957-ல்தான் தொடங்கியது, அதற்குப் பிறகும் 12 முறை வாங்கினார். 1954 வேர்ல்ட் சீரிஸில் வேலியை நோக்கி, பந்துக்கு முதுகைக் காட்டியபடி ஓடி, தோளுக்கு மேலாகப் பிடித்த கேட்ச்சை வீடியோவில் ஒருமுறை பாருங்கள். கபில்தேவ் 1983-ல் ரிச்சர்ட்ஸின் கேட்ச்சைப் பிடிக்க ஓடியது ஞாபகம் வரும். அடிப்பது, ஓடுவது, பிடிப்பது, எறிவது என எதிலும் குறை சொல்ல முடியாதவர். வெள்ளையர், கறுப்பினத்தவர், லத்தீன் நாட்டினர் என எல்லோரும் இருந்த களத்தில் இதைச் செய்தார். இந்தக் காரணத்துக்காகவே ரூத்தைவிட ஒரு படி மேலே மேஸை வைக்கலாம்.

ரூத்தின் 714-ஐ 1974-ல் தாண்டியவர் ஹேங்க் ஆரோன். கறுப்பினத்தவர் ஒருவர் அந்தச் சாதனையைத் தொடக்கூடாது என்று அவருக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. 755-ல் முடித்தார். அதையும் தாண்டி 762 அடித்த பேரி பாண்ட்ஸ், ஊக்கமருந்து சர்ச்சையால் பத்து வருட வாக்கெடுப்பிலும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைய முடியவில்லை. அவரை எங்கே வைப்பது என்பது அவரவர் மனசாட்சி.

இளசுகளின் ஓட்டு ஷோஹேய் ஓட்டானிக்குத்தான். ரூத் பிட்சிங், பேட்டிங் இரண்டையும் சேர்த்து முழுமூச்சாகச் செய்தது ஓரிரு சீசன்களில்தான். ஜப்பானிலிருந்து வந்த ஓட்டானி அதையே வழக்கமாக்கிவிட்டார். 2024-ல் 54 ஹோம்ரன்கள், 59 ஸ்டீல்கள். 2025 அக்டோபர் 17 அன்று ஒரே ஆட்டத்தில் பந்துவீசி 10 பேரை அவுட் ஆக்கி, மட்டையைப் பிடித்து 3 ஹோம்ரன்களும் அடித்தார். ஒரே ஒரு நாளை வைத்து நம்பர் 1 தேர்ந்தெடுப்பதாக இருந்தால், அந்த நாளை யாராலும் தோற்கடிக்க முடியாது. முழுப் பயணத்தை வைத்து என்றால், அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

2024-ல் பட்டியல் திருத்தப்பட்டபோது மேஸின் கணக்கிலும் ஒரு சின்ன மாற்றம் வந்தது. பள்ளி மாணவனாக பர்மிங்ஹாமில் அடித்த 10 ஹிட்டுகள் சேர்ந்து, 3,283 என்பது 3,293 ஆனது. மூன்று வாரங்களுக்குள், ஜூன் 18 அன்று, 93 வயதில் அவர் காலமானார். இரண்டு நாள் கழித்து, அவர் முதன்முதலில் ஆடிய பர்மிங்ஹாமின் ரிக்வுட் ஃபீல்டில் ஜயன்ட்ஸும் கார்டினல்ஸும் மோதின. நீக்ரோ லீக் வீரர்களைக் கௌரவிக்க ஏற்கெனவே திட்டமிட்டிருந்த ஆட்டம். 1910-ல் திறக்கப்பட்ட அந்த மைதானத்தில் மேஜர் லீக் அணிகள் ஆடிய முதல் லீக் ஆட்டம் அதுதான்.