நெடும்பாதையில் ஒரு ரேடியோ

1921ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் சில வார இடைவெளியில் நடந்தன. ஆகஸ்ட் 5ஆம் தேதி பிட்ஸ்பர்க் மைதானத்தில் ஹரோல்ட் ஆர்லின் என்ற இளைஞர், மைக்காக மாற்றியமைத்த ஒரு தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு, கேடிகேஏ வானொலிக்காக ஒரு பேஸ்பால் ஆட்டத்தை நேர்முக வர்ணனை செய்தார். வானொலியில் ஒலித்த முதல் பெருந்தொடர் பேஸ்பால் ஆட்டம் அதுதான். அக்டோபரில் பென்டன் மக்காய் என்ற வனவியலாளர் ஒரு கட்டடக்கலை இதழில் கட்டுரை எழுதினார். அப்பலாச்சியன் மலைத்தொடரின் உச்சிகளை இணைத்து ஒரு நடைபாதை போட வேண்டும், நகரத்தில் உழைத்துக் களைத்தவர்கள் அங்கே வந்து மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய யோசனை. 1937இல் பாதை முழுமையடைந்தது. இன்று அது ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்னில் கட்டாடின் மலையில் முடிகிறது. நீளம் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர்.

இந்த இரண்டும் ஒன்றுக்காகவே ஒன்று பிறந்தவை என்பது என் கட்சி. 2013ஆம் ஆண்டு கோடையில் நியூ ஜெர்சி எல்லையிலிருந்து வடக்கே நியூ ஹாம்ப்ஷையரின் ஹானோவர் வரை அந்தப் பாதையில் நடந்தேன். மேல்சட்டைப் பையில் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. அதில் என் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் இருந்தது.

முதலில் காலக்கணக்கைப் பாருங்கள். பாதையை ஒரே மூச்சில் நடந்து முடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மார்ச்சிலோ ஏப்ரலிலோ தெற்கே கிளம்புகிறார்கள். பேஸ்பால் தொடரும் அப்போதுதான் தொடங்குகிறது. அக்டோபர் நடுவில் கட்டாடினில் குளிர் இறுகுவதற்குள் அவர்கள் ஏறி முடித்தாக வேண்டும். அணிகளும் அந்த அக்டோபரில்தான் இறுதிச் சுற்றுக்கு மோதுகின்றன. இடையில் ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டங்கள், ஏறக்குறைய தினமும் ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் அமெரிக்கக் கால்பந்து இப்படி நடப்பவனோடு கூடவே வராது. பேஸ்பாலுக்குக் கடிகாரமும் கிடையாது. பிட்சர் பந்தை வீச எடுக்கும் விநாடிகளைக் கடிகாரம் வைத்து எண்ணும் முறை 2023இல்தான் வந்தது. நான் நடந்த வருடத்தில் அதுவும் இல்லை. ஒன்பது இன்னிங்ஸ் முடிய எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். மலையும் அப்படித்தான். ஏறி முடியும்போது முடியும்.

அந்த வருடம் அணியை விட்டுவிட்டு நடக்க மனம் வராததற்குக் காரணம் வேறு. ஏப்ரல் 15ஆம் தேதி பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின் இறுதிக் கோட்டருகே இரண்டு குண்டுகள் வெடித்தன. மூன்று பேர் இறந்தார்கள். 260 பேருக்கு மேல் காயம். பலர் கால் இழந்தார்கள். ஆண்டுதோறும் மாரத்தான் நாளன்று ரெட் சாக்ஸ் காலையிலேயே ஆடத் தொடங்குவது வழக்கம். அன்றும் ஆடி, ஜெயித்து, வெளியூர் கிளம்பியிருந்தார்கள். இரண்டு நாட்களுக்குள் கிளீவ்லேண்டில் அவர்கள் உட்காரும் இடத்தில் ஒரு சட்டை தொங்கியது. அதில் பாஸ்டனின் தொலைபேசிக் குறியீடான 617 என்ற எண். முந்தைய வருடம் 93 ஆட்டங்களில் தோற்றுத் தன் பிரிவில் கடைசி இடம் பிடித்த அணி அது. பாஸ்டன்காரர்கள் நாங்கள் அந்த வசந்தத்தில் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றோம். அப்படிப்பட்ட துணையை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு எப்படிக் கிளம்புவது?

காட்டுக்குப் போகிறவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. சுமையைக் குறைக்கப் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூட வெட்டிவிட்டு வருகிறவர்கள், ரேடியோவைப் பார்த்தால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பகலில் நானும் அதை எடுக்க மாட்டேன். பறவைக்கும் காற்றுக்கும் உரிய நேரம் அது. ஆனால் கூடாரம் போட்டு, சோறு பொங்கித் தின்று, கால் நீட்டிப் படுத்த பிறகு மனம் மனிதக் குரலைத் தேடுகிறது. மனிதர்களை மறக்க நான் மலையேறவில்லை.

சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார் தமிழில் சொன்ன கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. கண்ணால் காணாத மைதானத்தைக் காதாலேயே கட்டிக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. ரெட் சாக்ஸின் குரலான ஜோ கஸ்டிலியோனே 1983இல் தொடங்கி 2024 வரை வர்ணனை செய்தவர். எண்பத்தாறு வருடக் காத்திருப்புக்குப் பிறகு 2004இல் அணி கோப்பையை வென்றபோது, ‘நம்ப முடிகிறதா உங்களால்?’ என்று ஊரைப் பார்த்துக் கேட்டவர் அவர்தான். அவர் பேச்சில் அவசரம் இருக்காது. பிட்சர் தொப்பியைச் சரிசெய்வதைச் சொல்வார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைச் சொல்வார். நாளெல்லாம் நடந்து களைத்த உடம்புக்கு அந்த வேகம்தான் பொருந்தும்.

ஆனால் தெற்கில் அவர் குரல் எட்டவில்லை. நியூ ஜெர்சியிலும் ஹட்சன் ஆற்றங்கரையிலும் ரேடியோவைத் திருகினால் 880 ஏஎம்மில் நியூயார்க் யாங்கீஸ் மட்டும்தான். ரெட் சாக்ஸ் ரசிகனுக்கு அது எதிராளி வீட்டுத் திண்ணை. இன்னிங்ஸ் இடைவெளியில் மற்ற ஊர் ஆட்டங்களின் நிலவரம் சொல்வார்கள். பாஸ்டன் என்ற ஒரு சொல்லுக்காக அத்தனை யாங்கீஸ் கதையையும் கேட்டுக்கொண்டு கிடப்பேன். ‘பாஸ்டன் நான்கு, எதிரணி இரண்டு, ஆறாவது இன்னிங்ஸ்’, அவ்வளவுதான். அடித்தது யார், வீசியது யார் என்று தெரியாது. மறுநாள் ஏற்றத்தில் அந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் நானே ஆடிப் பார்ப்பேன். ஒரு காலைப்பொழுது அதிலேயே போய்விடும். கூடவே யாங்கீஸ் ஆட்டக்காரர்களின் முழங்கால் வலியும் குடும்பக் கதையும் காதில் விழுந்து, அவர்கள்மேல் இருந்த பழைய கசப்பு கொஞ்சம் கரைந்தது. அது நடைக்கு நான் பட்ட கடன்.

இருட்டிய பிறகு ஏஎம் அலைகளுக்கு வேறொரு பலம் வருகிறது. பகலில் வெயிலால் உருவாகி அலையை விழுங்கிவிடும் வளிமண்டல அடுக்கு ஒன்று, சூரியன் மறைந்ததும் கலைந்துவிடுகிறது. அதற்கு மேலே உள்ள அயனி அடுக்கில் பட்டு அலைகள் திரும்பிப் பூமிக்கு வருகின்றன. பகலில் பக்கத்து ஊர் தாண்டாத நிலையம் இரவில் நூற்றுக்கணக்கான மைல் பாய்கிறது. கனெக்டிகட்டுக்குள் நுழைந்த ஓர் இரவில் இரைச்சலுக்கு அடியிலிருந்து கஸ்டிலியோனே குரல் மெல்லத் துலங்கியபோது, எல்லைப் பலகையைப் பார்க்காமலே சொந்த நாட்டுக்கு வந்துவிட்டது தெரிந்தது. வழியில் எதிர்ப்படுகிறவர்களின் தொப்பியும் அங்கேதான் மாறுகிறது. தெற்கே யாங்கீஸ் எழுத்து, வடக்கே பாஸ்டனின் ‘பி’.

பாதையில் ஒரு நாள் நடைக்குள் சிறு மரக்கொட்டகை ஒன்றாவது வந்துவிடும். ஷெல்டர் என்பார்கள். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, படுக்கப் பலகைத் தரை. உள்ளே ஒரு பதிவேடு இருக்கும். வருகிறவர்கள் பெயர், தேதி, தண்ணீர் கிடைக்கும் இடம், கரடி நடமாட்டம் எல்லாம் அதில் எழுதுவார்கள். நான் முந்தின இரவு ஸ்கோரையும் எழுதிவைக்க ஆரம்பித்தேன். வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வருகிறவர்கள் எழுதியிருந்த ஸ்கோர்களும் சில நாள் எனக்குக் கிடைத்தன. இரண்டு நாள் பழைய செய்திதான். காட்டில் அது சூடான செய்தி.

ஆகஸ்ட் 1ஆம் தேதி வெர்மாண்டில், ஸ்ட்ராட்டன் குளத்தருகே உள்ள ஷெல்டரில் படுத்திருந்தேன். மக்காய்க்கு இந்தப் பாதையின் எண்ணமே ஸ்ட்ராட்டன் மலைமேல் உதித்தது என்பார்கள். ஒன்பது மணி என்றால் பாதையில் நடுச்சாமம், எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சியாட்டிலின் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ், முந்தைய வருடம் ஒருவரைக்கூடத் தளமேற விடாமல் ஒரு முழு ஆட்டத்தையும் வீசி முடித்தவர், ஏழு இன்னிங்ஸில் எங்களுக்கு ஒரே ஒரு ரன் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கப் போய்விட்டார். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதிக்கு வந்தபோது 7–2. பக்கத்துப் படுக்கையிலிருந்து மெல்லிய குரல்: “என்ன ஸ்கோர்?” மெய்னைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்.

“ஏழு–இரண்டு. தோற்கிறோம்.”

“சரி, காலையில் சொல்லுங்கள்” என்று புரண்டு படுத்துவிட்டார்.

நான் அணைக்கவில்லை. ஒருவர் தளமேறினார், இன்னொருவர் ஏறினார். 7–3, 7–4. கஸ்டிலியோனே குரல் ஒரு படி ஏறியது. மைதானத்தின் ஆரவாரம் அலையோடு சேர்ந்து வந்து போயிற்று. ஸ்கோர் சமமானபோது ஆசிரியரின் தோளைத் தட்டினேன். எழுந்து உட்கார்ந்தார். இயர்போனில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். தளங்கள் மூன்றும் நிரம்பியிருக்க, டேனியல் நாவா நடுக்களத்தை நோக்கி அடித்த பந்தில் ஆட்டம் முடிந்தது. 8–7. எங்களைச் சுற்றிப் பத்துப் பேருக்குக் குறையாமல் உறங்குகிறார்கள். வாயைத் திறக்க முடியாது. அறுபதைத் தாண்டிய அந்த மனிதர் இரண்டு கைகளையும் முஷ்டி பிடித்து உயர்த்தியபடி, கண்ணில் நீர் வரச் சத்தமில்லாமல் சிரித்தார்.

அந்த நாவாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கல்லூரி அணியில் இடம் கிடைக்காமல், அதே அணிக்குச் சாமான் மேலாளராக இருந்து சக மாணவர்களின் சீருடையைத் துவைத்தவர். பெரிய அணி எதுவும் அவரைத் தேர்வில் எடுக்கவில்லை. ஒரு சிறு சுயேச்சை லீகில் ஆடிக்கொண்டிருந்தவரை ரெட் சாக்ஸ் வாங்கிய விலை ஒரு டாலர். 2010 ஜூனில் முதல் ஆட்டத்துக்கு வந்தபோது கஸ்டிலியோனே அவரிடம், “முதல் பந்து வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும், முழு பலத்தோடு சுற்று” என்றாராம். முதல் பந்திலேயே நாவா நான்கு ரன் ஹோம் ரன் அடித்தார். மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு பாஸ்டனில் நடந்த முதல் ஆட்டத்தை வென்று கொடுத்த ஹோம் ரன்னும் அவருடையதே.

வெற்றிச் செய்தியை மட்டும் படிக்கிறவருக்கு இப்படிப்பட்ட மனிதர்கள் பிடிபட மாட்டார்கள். பேஸ்பாலில் நல்ல அணியும் வருடத்துக்கு ஏறக்குறைய அறுபது ஆட்டம் தோற்கும். 2013இல் ரெட் சாக்ஸ் தோற்றது 65. தோற்ற ஒவ்வொரு இரவுக்கு மறுநாளும் அவர்கள் மட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். பாதையை முழுதாக நடக்கக் கிளம்புகிறவர்களில் நான்கில் ஒருவர்தான் முடிக்கிறார். முடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் வீரதீரம் பேச மாட்டார்கள். மழையில் நனைந்த மறுநாள் காலையும் ஈர பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினோம் என்பார்கள். தோல்வியை ஒரு நாளுக்கு மேல் சுமக்காத பழக்கம் இரண்டுக்கும் பொது. இரவு ஆட்டத்தைக் கேட்டுத் தூங்கி, காலையில் நடந்து, மறுபடி இரவில் கேட்ட அந்தக் கோடையில் அது எனக்குள் இறங்கியது. புத்தகம் படித்து வராத பாடம்.

அந்த வருடம் அணியில் முக்கால்வாசிப் பேர் தாடி வளர்த்தார்கள். பாதையில் நடந்து வந்த நாங்கள் ஹானோவர் கடைத்தெருவில் தாடியோடு நடந்தபோது அது ஊருக்கே பழகிய முகமாக இருந்தது. அக்டோபர் 30ஆம் தேதி ரெட் சாக்ஸ் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை வென்று கோப்பையைப் பிடித்தார்கள். சொந்த மைதானத்தில் அவர்கள் கோப்பை வென்றது 1918க்குப் பிறகு அப்போதுதான். அதை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ஆனாலும் அந்த அணியை நான் அறிந்தது மலையில், காதால்.

இன்று கைபேசி நொடிக்கு நொடி ஸ்கோரை அனுப்புகிறது. அது எண்ணைத் தருகிறது, ஆட்டத்தைத் தருவதில்லை. நெடுநடைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களுக்கு உயிரான ஒன்றை, அது பேஸ்பாலோ கிரிக்கெட்டோ பாட்டுக் கச்சேரியோ, உடன் எடுத்துச் செல்லத் தயங்காதீர்கள். பகலைக் காட்டுக்குக் கொடுங்கள், இரவில் ஒரு மணி நேரத்தை அதற்குக் கொடுங்கள். முதுகுப்பையில் ஒரு சின்ன ரேடியோவுக்கும் இரண்டு பேட்டரிக்கும் இடம் விடுங்கள். இயர்போனை மட்டும் மறக்காதீர்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் விடிந்ததும் பதினைந்து மைல் நடக்க வேண்டும்.