கணக்கில் வராத ராஜினாமாக்கள்

சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் டி.சி.எஸ். அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த பொறுப்புகளில் இருப்பவர்கள். நிறுவனம் நஷ்டத்தில் தள்ளாடவில்லை. ஜூனில் முடிந்த காலாண்டில் நிகர லாபம் ரூ.12,760 கோடி. செயற்கை நுண்ணறிவு அல்ல, திறன் பொருந்தாமையே காரணம் என்றார் தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன். இருபது ஆண்டுகள் நிறுவனம் சொன்ன வேலையையே செய்தவரிடம் திறன் பொருந்தவில்லை என்றால், அதில் பாதிப் பழியாவது நிறுவனத்துக்கு உண்டு.

செப்டம்பர் இறுதியில் ஊழியர் எண்ணிக்கை 6,13,069-லிருந்து 5,93,314 ஆகச் சரிந்தது. குறைந்தவர்கள் 19,755 பேர். அந்தக் காலாண்டில் தாங்கள் விடுவித்தது ஏறத்தாழ 6,000 பேரைத்தான் என்கிறது நிர்வாகம். மற்றவர்கள் தாமாகவே போனவர்களா? இருக்கலாம், ஐ.டி.யில் கம்பெனி மாறுவது வாடிக்கை. ஆனால், அதைச் சரிபார்க்க அரசிடம் முழுமையான பதிவேடு இல்லை.

இந்தத் துறையில் ஆட்குறைப்பு எப்படி நடக்கும் என்பது சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் வேலை பார்க்கும் யாருக்கும் தெரியும். புராஜெக்ட் முடிந்த ஊழியர் சில வாரங்கள் பெஞ்சில், அதாவது வேலை ஒதுக்கப்படாமல், இருப்பார். ஹெச்.ஆரிடமிருந்து அழைப்பு வரும். சிறிய அறை, எதிரே இரண்டு பேர். நீங்களே பேப்பர் போட்டால் சில மாதச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும் கிடைக்கும், மறுத்தால் டெர்மினேஷன். அடுத்த கம்பெனியின் பின்னணிச் சோதனையை நினைத்து, வீட்டுக் கடன் தவணையை நினைத்து, மனிதர் லேப்டாப்பைத் திறந்து ராஜினாமாவைப் பதிவு செய்துவிடுவார். சட்டத்தின் கண்ணில் அங்கே ஆட்குறைப்பே நடக்கவில்லை.

ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி கேட்கும் விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டங்களுக்கு மட்டுமே. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் இதை மாற்றவில்லை. கர்நாடகம் ஐ.டி. நிறுவனங்களுக்கு பணி நிபந்தனைகளை வரையறுக்கும் நிலையாணைச் சட்டத்திலிருந்து விலக்கு தந்தபோது, பணிநீக்கங்களைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், ராஜினாமா அந்த வலையிலும் சிக்காது.

லாபம் ஈட்டும் நிறுவனம் ஆளைக் குறைக்கவே கூடாது என்று நாம் வாதிடவில்லை. குறைப்பதைப் பகிரங்கமாகச் செய்யட்டும். ஐ.டி. நிறுவனங்கள் ராஜினாமாக்களையும் சேர்த்து, வெளியேறியோரின் கணக்கைப் பணிக்காலம், வயதுவாரியாக மாதந்தோறும் தொழிலாளர் துறையிடம் தர வேண்டும். எண்ணிக்கை திடீரென எகிறினால் துறை தானே விசாரிக்க வேண்டும். ராஜினாமாவைத் திரும்பப் பெற ஊழியருக்குப் பதினைந்து நாள் அவகாசம் வேண்டும். பெரிய அளவில் ஆட்குறைப்பு செய்தால் 60 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1988 முதலே இருக்கிறது. இந்திய ஐ.டி. நிறுவனங்களுக்கு அதிக வருமானம் தரும் சந்தையும் அதுதான். அங்கே இருக்கும் சட்டம் சிறுசேரிக்கும் பெங்களூருக்கும் ஏன் கூடாது?